ங்கச்சே

1

இந்தக் கதை ஒரு பல் வலியில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. பெரிய கதைகள் பெரிய துக்கத்தில் பிறக்கும் என்பார்கள். என்னுடையது கடைவாய்ப் பல்லில் பிறந்தது.

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அட்டை போன பழைய வாரப் பத்திரிகை ஒன்று கிடந்தது. மருத்துவப் பக்கத்தின் கடைசி வரி இது: 'வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு, நீண்டகால மன அழுத்தத்தால் நினைவாற்றல் பாதிக்கப்படுகிறது.' தொடர்ச்சி அடுத்த பக்கத்தில். அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

எனக்கு 'பாதிக்கப்படுகிறது' என்ற சொல்லின் மேல் கோபம் வந்தது. வெள்ளத்தில் பயிர் பாதிக்கப்படுகிறது, மழையில் போக்குவரத்து பாதிக்கப்படுகிறது. சரி. நினைவாற்றல் எப்படிப் பாதிக்கப்படும்? எதை மறக்கிறார்கள்? அடுப்பில் வைத்த பாலையா, அண்ணன் பிள்ளையின் பெயரையா? மறந்தது எங்கே போகிறது? அதை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?

மருத்துவர் பல்லைப் பிடித்து ஆட்டியபடி "வலிக்குதா?" என்று கேட்டார். நான் "எதை மறக்கிறாங்க?" என்று கேட்டேன். வாய் மரத்திருந்ததால் அவர் அதை வலி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஊசி போட்டார். சொல்வது ஒன்று, கேட்பவருக்குப் புரிவது ஒன்று. இந்தக் கதையும் கிட்டத்தட்ட அந்த ஊசியைப் பற்றியதுதான்.

2

தொடக்கங்கள். எழுதி, அடித்து, வைத்திருக்கிறேன். பாருங்கள்.

முதல் தொடக்கம்: *அவள் ஜன்னலருகே நின்று தூரத்தில் எதையோ வெறித்துக்கொண்டிருந்தாள்.* [அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட தாய்க்கு ஜன்னலருகே நிற்க ஏது நேரம்? நின்றால் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நிற்பாள்.]

இரண்டாவது: *மறதி என்பது ஒரு* [ஒரு என்ன? எதுவும் வரவில்லை. இப்படித் தொடங்குகிறவர்களுக்கெல்லாம் எங்கிருந்துதான் வருகிறதோ.]

மூன்றாவது: *வீட்டுச் சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது.*

இது பிடித்தது. சாவியைப் பிடித்துக்கொண்டு போனால் அதை வைத்த கை வரும், கையைப் பிடித்தால் ஆள் வருவாள். வந்தாள். ஒல்லியான பெண், நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. வேலை என்ன என்று யோசித்தபோது என் கோட்டில் இருந்த கறை கண்ணில் பட்டது. சரி, ட்ரை கிளீனிங் கடையில் கறை எடுப்பவள் என்று வைத்துக்கொண்டேன். கடையின் பின்னறையில் துணியை மேசையில் விரித்து, பிரஷ்ஷும் ஆவிக் குழாயுமாக நின்று, மற்றவர்கள் சிந்தியதை எடுப்பவள். கடைப் பையன்கள் அவளைக் 'கறையக்கா' என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் முறைத்தாள். இப்போது போனை எடுத்தால் அவளே "கறையக்கா பேசறேன்" என்கிறாள்.

புருஷன் தொலைதூர பஸ் ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே பெண், பத்து வயது. எந்நேரமும் அடித்தொண்டையில் ரீங்காரம் செய்துகொண்டே இருப்பதால் பொன்வண்டு. கூப்பிடும்போது வண்டு.

வண்டுக்குப் பேச்சு வரவில்லை. வந்த நாலைந்து சொற்களும் அவள் சொந்தத் தயாரிப்பு. 'த்தா' என்றால் தண்ணீர். 'பொம்' என்றால் விளக்கை அணை. இந்த மொழியைப் பேச உலகத்தில் ஒரே ஒருத்தி, புரிந்துகொள்ள ஒரே ஒருத்தி. அப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

3

இனி கதை. பேச்சுப் பயிற்சி நடக்கும் அறை. சின்ன நாற்காலிகள், சுவரில் எதுவும் மாட்டாமல் வெள்ளையாக விட்டிருந்தார்கள், கண் அலையக் கூடாது என்று. பேச்சு டீச்சர் தரையில் உட்கார்ந்து, வண்டின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக் கேட்டாள்.

"வண்டுக்கு என்ன வேணும்?"

வண்டு ரீங்காரத்தை நிறுத்தாமலே சொன்னாள். "ங்கச்சே."

"சூப்பர்! கேட்டா பதில் சொல்றா பாருங்க." டீச்சர் திரும்பினாள். "வண்டு அம்மா, 'ங்கச்சே'ன்னா என்ன?"

கறையக்கா வாயைத் திறந்தாள். 'த்தா'வுக்கும் 'பொம்'முக்கும் வருவதுபோல் வரும் என்று நினைத்தாள். நாக்கு நுனிவரைகூட எதுவும் வரவில்லை.

"தெரியும் டீச்சர். முன்னாடி தெரியும்."

"முன்னாடின்னா?"

"சின்னப் பிள்ளையா இருக்கும்போது சொல்லுவா. சொன்னா நான் ஏதோ செய்வேன். செஞ்சா அப்படிச் சிரிப்பா. அப்புறம் சொல்றதை விட்டுட்டா."

"நீங்க என்ன செய்வீங்க?"

"அதான்…"

தெரிந்திருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. தெரிந்தது என்ன என்பது போயிருந்தது.

டீச்சர் நல்லவள். குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை. வண்டுக்காக ஒரு படப் பலகை செய்துகொண்டிருந்தாள். கட்டம் கட்டமாகப் படங்கள்: தண்ணீர், கழிப்பறை, ஊஞ்சல், தூக்கம். வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். வண்டு மிகவும் கேட்பதற்கென்று நட்டநடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சா இங்க படம் போட்டுடலாம். தெரியலைன்னா அந்தச் சத்தத்தைக் கண்டுக்காம விட்டுடுங்கம்மா. பதில் வரலைன்னா தானா நின்னுடும்."

"நின்னுடுமா?"

"நின்னுடும். அதுக்காகக் கவலைப்படாதீங்க."

அவளுக்கு அதுதான் கவலையாகப் போயிற்று.

அந்த வாரம் முழுவதும் வண்டு அதையே கேட்டாள். பயிற்சி அறையில் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள் அல்லவா, அவளும் கேட்டாள். பல் விளக்கும்போது, செருப்பு மாட்டும்போது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால். ங்கச்சே. கறையக்கா பிஸ்கட் டப்பாவைக் காட்டினாள், வண்டு தள்ளிவிட்டாள். பொம்மையைக் காட்டினாள், வீசிவிட்டாள். குடை, பந்து, சிவப்பு வாளி, மழைக்கோட்டு என்று வீட்டிலுள்ள சாமானையெல்லாம் ஏலக் கடைபோல் முன்னால் பரப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடைசியில் வண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

"நான் ஒருத்திதாங்க அதைத் தெரிஞ்சு வெச்சிருந்தேன்," என்று போனில் புருஷனிடம் சொன்னாள். "நானும் தொலைச்சுட்டேன்."

"டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்றார் ஓட்டுநர்.

"அவளுக்கா?"

"உனக்கு."

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. வண்டுக்குச் சட்டையின் பின்கழுத்துப் பட்டி உறுத்தும் என்று வாங்கிய அன்றே கத்தரித்துவிடுகிறவள். மருந்தின் அளவு, மில்லி சுத்தமாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள். எந்த டாக்டரின் அறை மின்விசிறி கிரீச்சிடும், அதனால் எந்த டாக்டரிடம் போகக் கூடாது என்பதுவரை தெரிந்தவள். அப்படிப்பட்டவள் மகளின் ஒரு சொல்லை மறப்பாளா? கதைக்காக நான்தான் மறக்க வைக்கிறேனோ?

பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். கோட்டை எடுத்துக்கொண்டு கதைக்குள் போனேன். கடையில் ஆவியும் சோப்பும் கலந்த வாடை. பின்னறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கோட்டை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன கறை சார் இது?"

திருதிருவென்று விழித்தேன். கறை இருக்கிறது என்று எழுதியவன், என்ன கறை என்று யோசிக்கவில்லை.

"தெரியலைங்களே."

"தெரியாம கை வெக்க முடியாது சார். ரத்தம்னா சூடு காட்டக் கூடாது. எண்ணெய்னா அதுக்கு வேற மருந்து. தெரியாம எதையாவது போட்டா கறை உள்ள போய் நல்லா உக்காந்துக்கும். யோசிச்சுப் பாருங்க. கடைசியா எப்பப் போட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க? பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

அவள் கேட்கக் கேட்க எனக்கு ஒரு கல்யாண வீடும், குழம்புக் கரண்டியோடு ஓடிய ஒரு குழந்தையும் நினைவுக்கு வந்தன. நான் எழுதாததெல்லாம் எனக்கே நினைவுக்கு வருகிறது! அவளிடம் சொன்னேன். தலையாட்டி, மசாலா எண்ணெய் என்று சீட்டில் எழுதிக் கோட்டில் குத்தினாள். மீதி ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்தி விடறேன்," என்றாள்.

அதுதான் சமயம் என்று கேட்டேன். "உங்களுக்கு மறதி அதிகம்னு எழுதியிருக்கேன். சரிதானா?"

"யாரு சொன்னா?"

"பத்திரிகையில போட்டிருந்துது."

"அவங்களுக்கென்ன, போடுவாங்க." அவளுக்குக் கோபம் வரவில்லை. யோசித்தாள். "சார், நீங்க சாவியை வெக்கிறீங்க. வெக்கிறப்போ உங்க கண்ணும் சேர்ந்து பார்க்குது. அதனால அப்புறம் ஞாபகம் வருது. எனக்கு வெச்சது கை. கண்ணு அவ மேல. அவ அடுப்புகிட்டப் போறாளா, தாழ்ப்பாளை எடுக்கறாளான்னு. பார்க்காததை எப்படி சார் மறக்க முடியும்?"

இதை அப்படியே எழுதிக்கொண்டேன். என் பத்திரிகை வரியைவிட இது பல படி மேல்.

"நான் அழற மாதிரி எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

"மூணாவது பகுதியில ஒரு இடம் இருந்துது. எடுத்துட்டேன்."

"நல்லது. எழுதினா நான் சிரிக்கிறதையும் எழுதணும். ஓயாம அழுதுகிட்டு இருந்தா கறை யார் எடுக்கறது?"

5

பின்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

வண்டு குழந்தையாக இருந்த வருஷங்களில் அந்த வீட்டில் தொலையாத பொருளே கிடையாது. சாவி அரிசி டப்பாவில், சீப்பு செருப்பு அலமாரியில், மூக்குக் கண்ணாடி நெற்றியில். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாவி இருக்காது. வண்டைக் கீழே விட்டால் தெருவுக்கு ஓடிவிடுவாள். எனவே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தனக்குத்தானே புலம்பிக்கொண்டு, அறை அறையாக, இழுப்பறை இழுப்பறையாகத் தேடுவாள். கதவு திறந்தே கிடக்கும். எதிர்வீட்டு அம்மாளுக்கு அது தினசரி வேடிக்கை.*

* எதிர்வீட்டு அம்மாள் சொல்வது: "பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினாளாம்! பழமொழியை நேர்ல பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைச்சுது." பழமொழியில் தொலைந்தது பிள்ளை. இங்கே தொலைந்தது சாவி. இருந்தாலும் கறையக்காவுக்குச் சுருக்கென்று குத்தும். முகம் சிவக்கத் தேடுவாள்.

பிறகு ஒரு காலை. வண்டுக்கு வலிப்பு மருந்து கொடுத்தாள். கொடுத்தோமா என்று சந்தேகம் வந்தது. கொடுக்கவில்லை என்றே மனசு சொன்னது. மறுபடி கொடுத்தாள். அன்று வண்டு எழுந்திருக்கவே இல்லை. பகல் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கினாள், ரீங்காரம் இல்லாமல். சாயங்காலம் கண் விழித்து 'த்தா' என்றாள். அந்த ஒரு பகல் போதும், ஓர் ஆயுசுக்கு.

(இதைப் பெரிய காட்சியாக விரித்து எழுதினேன். அவள் படித்துவிட்டு "வேண்டாம் சார்" என்றாள். அதனால் இவ்வளவுதான்.)

அடுத்த விடுமுறையில் ஓட்டுநர் துளை போடும் கருவியோடு வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, முதலுதவிப் பெட்டி, ஸ்பேனர், தண்ணீர் கேன். வீடும் அப்படி ஆயிற்று. சாவிக்கு வாசலில் கொக்கி. சீப்புக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில் நீல நிறப் பட்டை. மருந்துக்குக் கிழமை எழுதிய பெட்டி. "எடுத்தா திரும்ப அங்கேயே மாட்டணும். அவ்வளவுதான் சட்டம்," என்றார். மாட்டினாள். தப்பாமல் மாட்டினாள். அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் தொலையவில்லை. எதிர்வீட்டு அம்மாளுக்குப் பொழுது போகவில்லை.

ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வண்டு 'ங்கச்சே' சொல்வதை விட்டாள்.

(உங்களுக்கு இங்கே ஏதாவது தோன்றினால் வாயைத் திறக்காதீர்கள். அவளுக்கு இன்னும் தெரியாது.)

6

கோட்டைத் திரும்ப வாங்கப் போன நாள். பயிற்சிப் பள்ளி விடுமுறை. வண்டைக் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, தொங்கும் துணிகளின் ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்தபடி வண்டு ரீங்காரம் செய்துகொண்டிருந்தாள். மணிக்கட்டில் புதிதாக ஒரு பல் தடம்.

"உங்க கோட்டு…" என்று கறையக்கா கம்பிகளில் தொங்கிய உருப்படிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இல்லை. பின்னறைக்குப் போனாள். வந்தாள். ஒரு கண் மகள்மேல், ஒரு கை துணிகளுக்குள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். கோட்டு இழுப்பறையில் எப்படி இருக்கும்? பதற்றத்தில் தேடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உதட்டுக்குள்ளேயே புலம்ப ஆரம்பித்தாள்.

"எங்க வெச்சேன்… எங்க வெச்சேன்…"

மேசைக்கடியில் ரீங்காரம் நின்றது.

வண்டு வெளியே வந்தாள். நேராக அம்மாவிடம் வந்து இரண்டு கையையும் தூக்கினாள், குழந்தைகள் தூக்கச் சொல்லித் தூக்குவதுபோல. பத்து வயதுப் பெண், அம்மாவின் தோள் உயரம்.

"ங்கச்சே!"

"இரும்மா, சாரோட கோட்டைக் காணோம், எங்க வெச்…"

நின்றாள். நான் கவுண்டரின் இந்தப் பக்கம். அவள் முகத்தில் ஒன்று நடந்தது. அதை எழுத நாலு தடவை முயன்று நாலையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னாள்.

"எங்க… வெச்சேன். ங்க… ச்சே."

"ங்கச்சே!" என்றாள் வண்டு, இவ்வளவு நேரம் ஆயிற்றா உனக்கு என்பதுபோல.

கறையக்கா தூக்க முயன்றாள். எப்படி முடியும்? வண்டு இடுப்பில் ஏறப் பார்த்து, வழுக்கி, கடைசியில் அம்மாவின் இடுப்பை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தேடினார்கள். ஒவ்வொரு இழுப்பறையாக. பொத்தான் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். ஆவி இயந்திரத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் வண்டு தலையை உள்ளே நீட்டிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கறையக்காவும் சிரித்தாள். அவள் கேட்டபடி எழுதிவிட்டேன்: சிரித்தாள்.

கோட்டு வாசற்கதவுக்குப் பக்கத்துக் கம்பியில் தொங்கியது. நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

"சார்," என்றாள் பிறகு, மூச்சு வாங்க. "அத்தனை வருஷம் எனக்கு வெட்கமா இருந்துது. பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படிப் பைத்தியம் மாதிரி தேடறோமேன்னு. ஒழுங்கா ஒரு விளையாட்டுக்கூட விளையாடலையேன்னு. அதுதான் அவளுக்கு விளையாட்டா இருந்திருக்கு!"

பழமொழி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. இத்தனை காலமாக எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறோம். இடுப்பில் இருந்த பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உனக்கு எப்படி இருந்தது என்று. ஊரெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறாள் அம்மா. பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

7

ஒழுங்கான கதாசிரியன் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். எனக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும். இந்தக் குணத்தால்தான் என் கதைகள் எதுவும் சொன்ன பக்கத்தில் முடிவதில்லை.

முடிவு ஒன்று. டீச்சர் காலிக் கட்டத்தில் சாவிப் படம் ஒட்டினாள். பலகை வீட்டுக்கு வந்தது. வண்டு வந்ததும் வராததுமாகச் சாவியைத் தொட்டாள். கறையக்கா கொக்கியிலிருந்து சாவியை எடுத்து, வண்டு திரும்பியிருந்தபோது பாத்திர அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நெற்றியில் கை வைத்து, "ஐயோ, எங்க வெச்சேன், எங்க வெச்சேன்" என்று வீட்டைச் சுற்றி வந்தாள்.

வண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். நேராக அலமாரிக்குப் போனாள். சாவியை எடுத்து வந்து, கொக்கியில், நீலப் பட்டைக்கு மேல் ஒழுங்காக மாட்டினாள். மறுபடியும் பலகையில் சாவியைத் தொட்டாள்.

இன்னொரு தடவை. வேறு இடம். அதே கதை. தெரிந்துகொண்டே தேடுகிறவளின் கண் எல்லா இடத்தையும் பார்க்கும், ஒரே ஓர் இடத்தைத் தவிர. வண்டு அந்த ஓர் இடத்துக்குப் போனாள். நடிப்பு அவளிடம் செல்லுபடியாகவில்லை. மூன்றாவது தடவை மணிக்கட்டு வாய்க்குப் போயிற்று.

"மறந்துடு, மறந்துடுன்னு நினைச்சுக்கிட்டே வெக்கிறேன் சார்," என்றாள் என்னிடம். "கண்ணு கையை விட்டு நகர மாட்டேங்குது. இத்தனை நாள் மறக்கக் கூடாதுன்னு செத்தேன். இப்ப மறக்கணும்னா வரல!"

முடிவு இரண்டு. புருஷனை ஒளித்து வைக்கச் சொன்னாள். ஓட்டுநர் வெட்கப்பட்டார், பிறகு எங்கேயோ வைத்தார். இது பலித்தது! உண்மையாகவே தெரியாமல் தேடினாள், வண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வீடு முழுக்கச் சிரிப்பு, எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். ஆனால் சாவி கிடைக்கவில்லை. "போதுங்க, எங்க வெச்சீங்க, சொல்லுங்க," என்றாள். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் நினைவில்லை. அவரும் ஒளித்து வைக்கும்போது மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறதி ஒருத்திக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா என்ன? மாற்றுச் சாவியை வைத்துச் சமாளித்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். இரண்டு ஊர் தாண்டிய பிறகு போன் செய்தார். சாவி அவர் காக்கிச் சட்டைப் பையில் பயணம் போய்க்கொண்டிருந்தது.

அதை முடிவாக வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பாதி வாரம் ரோட்டில். வண்டு கேட்பது தினமும்.

எதிர்வீட்டு அம்மாளைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். அந்த அம்மாள் ஒளித்து வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

முடிவு மூன்று. நானே வைத்துவிடுவது. கதையை எழுதுகிறவன் நான், எனக்கு இல்லாத அதிகாரமா? பேனாவை எடுத்தேன். *சாவி இப்போது சுவர்க் கடிகாரத்துக்குப்*

"பின்னாடி," என்றாள் கறையக்கா.

அடித்தேன். *சாவியை மழைக்கோட்டின்*

"வலது பைக்குள்ள. சார், விடுங்க."

தவறு என்னுடையது. தொடக்கத்திலிருந்தே அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுதிப் பழகிவிட்டேன். அவளுக்குத் தெரிவது எனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிவது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் எங்கே வைத்தாலும் அது அவள் கண் எதிரில் வைப்பதுதான்.

8

ஆகவே உங்களிடம் வருகிறேன்.

இது முடிவை வாசகரிடம் தள்ளிவிட்டு நழுவுகிற தந்திரம் என்று நினைக்காதீர்கள். வேறு ஆள் இல்லை. இந்தக் கதையில் அவளுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல் ஒரு பொருளை வைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

காலை நேரம். வேலைக்குக் கிளம்பியாயிற்று. வண்டு தரையில் உட்கார்ந்து பலகையின் நட்டநடுவில் இருக்கும் சாவிப் படத்தை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். ரீங்காரம் கேட்கிறதா? மணிக்கட்டில் இன்றைக்குத் தடம் இல்லை, இதுவரை. கறையக்கா வாசலருகே நிற்கிறாள். சாவி அவள் உள்ளங்கையில் இருக்கிறது. கையைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறாள். கண் கையில் இல்லை, மகள்மேல் இருக்கிறது, எப்போதும்போல. எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நிபந்தனை. அடுப்புப் பக்கம் வேண்டாம். மருந்துப் பெட்டியைத் தொடக் கூடாது, அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மற்றபடி வீடு உங்களுடையது. அரிசி டப்பா, செருப்பு அலமாரி, தலையணை உறை, நான் எழுத மறந்த ஏதோ ஓர் அறை. வைத்துவிட்டு என்னிடம் சொல்லாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கூட வைக்காதீர்கள். படித்துவிடுவேன், அவளுக்குத் தெரிந்துவிடும்.

வைத்தது நீங்களாக இருக்க, 'எங்க வெச்சேன்' என்று அவள் கேட்பது இலக்கணத்துக்குக் கொஞ்சம் இடிக்கும். வண்டு பொறுத்துக்கொள்வாள், நாமும் பொறுத்துக்கொள்வோம்.

வைத்தாயிற்றா?

கறையக்கா இப்போது கையைப் பார்க்கிறாள். காலி. விரல்களை விரித்துப் பார்க்கிறாள். கொக்கியைப் பார்க்கிறாள். இடது கையைப் பார்க்கிறாள். அவள் முகம் நிஜமாகவே மாறுகிறது. உதடு அசையத் தொடங்குகிறது.

தரையில் ரீங்காரம் நிற்கிறது.